பல இசை வகைகளை ஒரே சூழலுக்குள் இணைத்து மின்னணு இசை ஆல்பம் அமைப்பது எப்படி?

ஹவுஸ் தாளத்தில் ஒன்று, டப் பாணியில் ஒன்று, ஹிப்-ஹாப் நடையில் ஒன்று, தாளமே இல்லாத ஆம்பியன்ட் துண்டு ஒன்று என்று தனித்தனியே நன்றாக அமைந்த பத்து ட்ராக்குகளை வரிசையாக அடுக்கிவிட்டால் ஆல்பம் தயாராகிவிடும் என்று புதிதாகத் தயாரிப்பில் இறங்குபவர்கள் பலர் நம்புகிறார்கள். கேட்பவருக்கோ அது பத்துப் பேருடைய வேலைகளைத் திரட்டிய தொகுப்பாகவே படுகிறது. வகைகள் மாறுவதால் இந்தக் குறை வருவதில்லை. மாறாமல் நிற்க வேண்டியது எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாததால் வருகிறது. ஒலிகள் எந்த இடத்தில் நிகழ்கின்றன என்பதையும், எந்த மூலப்பொருளிலிருந்து பிறக்கின்றன என்பதையும் ஆல்பம் முழுவதற்கும் ஒன்றாக வைத்துக்கொண்டால், தாளமும் வேகமும் வடிவமும் எவ்வளவு மாறினாலும் கேட்பவர் ஓர் உலகத்தை விட்டு வெளியே வரமாட்டார். அந்த இரண்டையும் முதலில் கட்டிக்கொண்டு, அதன் பிறகே தாளத்துக்கும் மெட்டுக்கும் போகும் முறையை இங்கே விளக்குகிறேன். இசைத் தயாரிப்பு மென்பொருளில் பதிவு செய்வதும், லூப் அடுக்குவதும், எஃபெக்ட் சேர்ப்பதும் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வகையிலிருந்து எதை எடுப்பது

வகைகளைக் கலப்பது என்றவுடன் ஒவ்வொரு வகையின் அடையாள ஒலியை எடுத்து ஒட்டத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு வகையின் அடையாள ஒலி அதன் மேற்பூச்சு. அந்த ஒலி பிறக்கக் காரணமான வேலைமுறையே அதன் உயிர். டப் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், கிங் டப்பி என்று அறியப்பட்ட ஒலிப் பொறியாளர், ஏற்கனவே பதிவாகியிருந்த ரெகே பாடல்களின் பல்தட ஒலிநாடாவை மிக்ஸிங் மேசையில் ஓடவிட்டு, குரலையும் கிட்டாரையும் விலக்கி, டிரம்மையும் பேஸையும் முன்னால் நிறுத்தி, இடையிடையே ஒரு சொல்லையோ ஒரு ஸ்னேர் அடியையோ எதிரொலிக்குள் வீசினார். எழுதி முடித்த பாடலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவதுதான் அங்கே இசையமைப்பு, மேசைதான் அங்கே இசைக்கருவி. ரெகேயின் எதிரடிக் கிட்டார் வெட்டை மட்டும் உங்கள் ட்ராக்கில் சேர்த்தால் கிடைப்பது டப் சாயல். நீக்குதல் என்ற முறையை எடுத்துக்கொண்டால், அதில் கிட்டாரே இல்லாவிட்டாலும் டப்பின் ஆழம் வந்து சேரும்.

டிரம் அண்ட் பேஸ் வகையையும் இதே கண்ணோடு பாருங்கள். தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்ற பாடலில் கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த சில நொடி டிரம் பகுதி, பின்னாளில் எண்ணற்ற ட்ராக்குகளுக்கு அடித்தளமானது. அதை அப்படியே திரும்பத் திரும்ப ஓட்டியதோடு தயாரிப்பாளர்கள் நிற்கவில்லை. வேகத்தைக் கூட்டி, அடி அடியாக வெட்டி, வரிசையை மாற்றி, மனிதக் கையால் வாசிக்க இயலாத ஒரு வாசிப்பை அதிலிருந்து வடித்தார்கள். ஆகவே அந்த வகை நமக்குத் தரும் முறை, மனிதர் வாசித்த ஒரு சிறு பகுதியை வெட்டி மறுவரிசைப்படுத்துவது. அதை நிமிடத்துக்கு 174 தட்டு என்ற வேகத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; 80இல் செய்து பாருங்கள், வேறொரு இசை பிறக்கும்.

பிரிஸ்டல் நகரத்தின் மாசிவ் அட்டாக் குழு 1991இல் வெளியிட்ட ‘ப்ளூ லைன்ஸ்’ ஆல்பத்தை இந்த நோக்கில் ஒருமுறை முழுதாகக் கேட்பது நல்ல பயிற்சி. ஹிப்-ஹாப்பின் சாம்பிள் முறை, ரெகேயின் பேஸ், சோல் இசையின் குரல் மூன்றும் அதில் இருக்கின்றன. ஜமைக்கப் பாடகர் ஹொரேஸ் ஆண்டியும் ஷாரா நெல்சனும் அதில் பாடியிருக்கிறார்கள். இவ்வளவு வேறுபட்ட பொருள்கள் சிதறாமல் இருப்பதற்கு, அவசரப்படாத நடையும் தாழ்ந்த பேஸும் ஆல்பம் நெடுகத் தொடர்வதே காரணம் என்பது என் கணிப்பு.

வேலையைத் தொடங்கும் முன் மூன்று வகைகளுக்கு மேல் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வாக்கியம் எழுதி வையுங்கள்: ‘டப்பிலிருந்து, முடித்த பிறகு நீக்கும் முறை’, ‘ஹவுஸிலிருந்து, நான்கு தட்டிலும் மாறாத கிக் டிரம் தரும் பொறுமை’, ‘ஆம்பியன்டிலிருந்து, எந்த உச்சத்தையும் நோக்கி ஓடாத வடிவம்’ என்பதுபோல. வாக்கியத்தில் ஒரு கருவியின் பெயரோ சாம்பிள் தொகுப்பின் பெயரோ மட்டும் வந்து நின்றால், அந்த வகையை நீங்கள் இன்னும் போதிய அளவு கேட்கவில்லை என்று பொருள். திரும்பப் போய்க் கேளுங்கள்.

ஆல்பத்துக்கு ஓர் இடம் கட்டுதல்

சூழல் உணர்வின் பெரும்பகுதி ரிவெர்பிலிருந்து, அதாவது ஒலி நின்ற பிறகும் இடத்தில் தங்கும் முழக்கத்திலிருந்து வருகிறது. அதனால்தான் எல்லோரும் அதை அள்ளிக் கொட்டுகிறார்கள், அதனால்தான் அது பெரும்பாலும் வீணாகிறது. ஒரு கூடத்தில் கைதட்டினால் காதுக்கு முதலில் வருவது நேரடி ஒலி. சில மில்லி செகண்டுகள் கழித்துச் சுவர்களிலிருந்து தனித்தனி எதிரொலிகள் வருகின்றன. பிறகு அவை ஒன்றோடொன்று கலந்து, எண்ண முடியாத அடர்த்தியுடன் மெல்லத் தேய்கின்றன. இடம் எவ்வளவு பெரியது என்பதை மூளை பெரிதும் முதல் இரண்டு கட்டங்களிலிருந்தே ஊகிக்கிறது. வால்பகுதியின் நீளத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் இடம் பெரிதாகாது, மங்கலாகத்தான் ஆகும்.

எனவே ரிவெர்ப் பிளக்-இன்னில் முதலில் கவனிக்க வேண்டியது ப்ரீ-டிலே, அதாவது நேரடி ஒலிக்கும் ரிவெர்பின் தொடக்கத்துக்கும் இடையிலான நேரம். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 20 மில்லி செகண்ட் என்பது ஏறத்தாழ 7 மீட்டர் கூடுதல் பயணத்துக்குச் சமம். குரலுக்கோ முன்னணி மெட்டுக்கோ 20 முதல் 40 மில்லி செகண்ட் ப்ரீ-டிலே வைத்தால், அந்த ஒலி தெளிவாக அருகில் நிற்க, கூடம் அதன் பின்னால் விரியும். பின்னணியில் நீண்டு ஒலிக்கும் பேடுக்கு ப்ரீ-டிலேயைச் சுழியமாக்கினால் அது கூடத்தோடு கரைந்து தொலைவுக்குப் போய்விடும். அருகும் தொலைவும் இப்படித்தான் உருவாகின்றன. ஒலியளவை மட்டும் குறைத்தால் ஒலி சிறுக்குமே ஒழிய, தொலைவில் இருப்பதாகத் தோன்றாது.

ஆல்பத்துக்கென ஒரே ஒரு முதன்மை ரிவெர்பைத் தேர்ந்தெடுங்கள். அதை ஒவ்வொரு தடத்திலும் தனித்தனியே செருகாமல் எல்லாத் தடங்களும் தம் ஒலியில் ஒரு பங்கை அனுப்பும் பொதுவான செண்ட் தடமாக வைத்து, எல்லா ட்ராக்குகளின் ப்ராஜெக்ட்டிலும் அதே அமைப்போடு தொடங்குங்கள். ஒலி 60 டெசிபெல் தேய எடுக்கும் நேரமே ரிவெர்ப் நேரம் எனப்படுகிறது; இத்தகைய ஆல்பத்துக்கு இரண்டரை முதல் நான்கு நொடிவரை நல்ல எல்லை. ரிவெர்புக்குள் போகும் ஒலியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பேஸ் முழுவதும் சேறாகிவிடும். 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையும் மெதுவாகத் தாழ்த்துங்கள். மெய்யான பெரிய கூடங்களில் காற்றும் சுவர்ப்பரப்புகளும் மேல் அதிர்வெண்களை விரைவாக உறிஞ்சிக்கொள்வதால், இருண்ட வால்பகுதியே காதுக்கு இயல்பாகப் படுகிறது.

ரிவெர்ப் நேரத்தைத் தாள வேகத்துக்கு ஏற்ப மாற்றும்படி பலர் அறிவுரை சொல்வார்கள். தனிப்பாடலுக்கு அது சரியாக இருக்கலாம். ஆல்பத்துக்கு நான் அதை ஏற்கமாட்டேன், ஏனென்றால் வாசிப்பவர் வேகத்தைக் கூட்டினார் என்பதற்காகக் கூடம் சுருங்குவதில்லை. 87 தட்டில் ஓடும் ட்ராக்கும் 120இல் ஓடும் ட்ராக்கும் ஒரே கூடத்தில் ஒலிக்கும்போதுதான், இரண்டும் ஒரே இடத்தின் இரு வேளைகளாகக் காதுக்குத் தோன்றும். தாளத்தோடு இணைய வேண்டியது, ஒலியைச் சற்றுக் கழித்துத் திரும்பச் சொல்லும் டிலே. 60,000ஐத் தாள வேகத்தால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி செகண்டில் கிடைக்கும்: 120க்கு 500, அதன் முக்கால் பங்கு 375. இந்த முக்கால் பங்கு டிலே தட்டுகளுக்கு இடையே விழுந்து தாளத்துக்கு ஒரு நெசவைத் தருவதால், டெக்னோவிலும் டப்பிலும் அது ஓயாமல் பயன்படுகிறது. டிலேயின் வெளியீட்டையும் அதே முதன்மை ரிவெர்புக்குள் சிறிதளவு அனுப்புங்கள். எதிரொலியும் கூடத்துக்குள்ளேயே நிகழ வேண்டும்.

இன்னும் ஆழமாகச் செல்ல விரும்பினால், உங்களுக்கென ஒரு கூடத்தையே பதிவு செய்துகொள்ளலாம். கான்வல்யூஷன் ரிவெர்ப் என்ற முறையில், ஓர் இடம் ஒரு குறுகிய ஒலிக்கு எப்படி மறுமொழி தருகிறது என்ற பதிவை வைத்துக்கொண்டு, வேறெந்த ஒலியையும் அந்த இடத்தில் ஒலிப்பதுபோல் கணக்கிட முடியும். மாடிப்படிச் சுழல், காலியான கிடங்கு, தண்ணீர்த் தொட்டியின் உட்புறம் என எதிரொலி நிறைந்த இடம் ஒன்றில் பலூனை வெடிக்கச் செய்து, ஒலி முற்றிலும் அடங்கும்வரை பதிவு செய்யுங்கள். சுற்றுச் சத்தம் அடங்கிய வேளையாகத் தேர்ந்தெடுத்து, நாலைந்து முறை எடுத்து, சிறந்ததை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவின் தொடக்கத்தைத் துல்லியமாக வெட்டிப் பிளக்-இன்னில் ஏற்றினால், வேறு யாருடைய ஆல்பத்திலும் இல்லாத ஓர் இடம் உங்களுக்கு வாய்த்துவிடும். இந்த முயற்சிக்குச் செலவிடும் ஒரு நாள், புதிய பிளக்-இன்களைத் தேடிச் செலவிடும் ஒரு மாதத்தைவிட மதிப்புள்ளது என்று உறுதியாகச் சொல்வேன்.

இடத்துக்கு இன்னொரு தூணும் உண்டு: எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் மெல்லிய ஒலிப்படுகை. பரியல் என்ற பெயரில் இயங்கும் லண்டன் தயாரிப்பாளரின் 2007ஆம் ஆண்டு ஆல்பமான ‘அன்ட்ரூ’வில் மழையும் இசைத்தட்டின் பொரிச்சத்தமும் தாளத்துக்கு அடியில் ஓயாமல் இருக்கின்றன, டிரம் நின்றாலும் இடம் நிற்பதில்லை. மழை, காற்று, மின்விசிறி, தொலைவுப் போக்குவரத்து, ஒலிநாடாவின் இரைச்சல் என எதுவாகவும் இருக்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், உச்ச அளவு -12 டெசிபெல்லைத் தாண்டாமல், குறைந்தது பத்து நிமிடம் தொடர்ச்சியாகப் பதிவு செய்யுங்கள். சிறு பதிவை லூப்பாக ஓட்டினால் காது அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடித்துவிடும், அதன் பிறகு மாயம் கலைந்துவிடும். படுகையின் அளவை, அது ஓடும்போது கவனத்துக்கு வராமலும் நிறுத்தினால் இல்லாமை தெரியும்படியும் வையுங்கள். அந்த அளவு கைகூடினால் வேறு அளவுகோல் தேவையில்லை.

மூலப்பொருளைச் சுருக்குதல்

பியர் ஷாஃபர் 1948இல் பாரிஸில் ரயில் ஒலிகளையும் பிற ஓசைகளையும் இசைத்தட்டுகளில் பதிந்து, வேகம் மாற்றி, வெட்டி, திரும்பத் திரும்ப ஓட்டி இசையமைத்தபோது அவரிடம் சிந்தசைசர் இல்லை. பதிந்த ஒன்றிலிருந்து எத்தனை இசையை வடிக்க முடியும் என்ற கேள்வியே அவரை நடத்தியது. ஆயிரக்கணக்கான பிரிசெட்டுகள் கையில் இருக்கும் இன்றைய தயாரிப்பாளருக்கு அதே கேள்வி இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஐந்து அல்லது ஆறு ஒலிமூலங்களை மட்டும் ஆல்பத்துக்கென ஒதுக்குங்கள். ஒரு பியானோ ஸ்வரம், ஓர் உலோகக் கிண்ணத்தின் முழக்கம், ஒரு மூச்சு, ஒரு குரல் இழை, நீங்களே வாசித்த ஒரு டிரம் பகுதி, ஒரே ஒரு சிந்தசைசர். அனைத்துப் பேடுகளும் பேஸும் தாள ஓசைகளும் இவற்றிலிருந்தே வர வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் முழக்கத்தைப் பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஓர் ஆக்டேவ் இறங்கும், நீளம் இரட்டிப்பாகும். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தது என்றால் அதில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது என்பதால், பாதி வேகத்தில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் மிஞ்சாது. அந்த இருட்டே ஒரு நிறம். நான்கில் ஒரு பங்கு வேகத்தில் அது ஆழ்ந்த படுகையாகும். அதன் முதல் 30 மில்லி செகண்டை மட்டும் வெட்டினால் ஹை-ஹாட்டுக்குப் பதிலாக நிற்கும் கூரிய தட்டு கிடைக்கும்.

கிரானுலர் முறையை இந்தக் கட்டத்தில் நன்றாகப் பயன்படுத்தலாம். ஒலியை 20 முதல் 100 மில்லி செகண்ட் அளவிலான துகள்களாக நறுக்கி, அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாகத் தூவி, புதிய தொடர்ச்சியை நெய்வது இதன் அடிப்படை. துகளின் அளவு பெரிதாக இருந்தால் மூல ஒலியின் முகம் தெரியும், சிறிதாகச் சிறிதாக வெறும் நிறமாக மாறும். ஓர் ட்ராக்கில் முகம் தெரியும்படி வந்த குரலிழை, இரண்டு ட்ராக்குகள் கழித்து முகமற்ற மேகமாகத் திரும்பி வந்தால், கேட்பவருக்குக் காரணம் புரியாமலே ஒரு பரிச்சயம் தோன்றும். ஆல்பம் என்ற வடிவத்துக்கு மட்டுமே வாய்க்கும் இன்பம் இது.

பிறர் பதிவிலிருந்து சாம்பிள் எடுப்பதானால், பாடலை இயற்றியவருக்கு ஓர் உரிமையும் பதிவுக்கு உரியவருக்கு வேறோர் உரிமையும் இருப்பதால், இரண்டுக்கும் அனுமதி வேண்டும். அதை வெளியீட்டுக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

வேகங்களுக்கு இடையே உறவு

வகைகள் வேகத்தால் விலகி நிற்பதாகத் தோன்றினாலும் எண்களுக்குள் உறவுகள் ஒளிந்திருக்கின்றன. டப்ஸ்டெப் வழக்கமாக 140இல் எழுதப்படுகிறது, ஆனால் ஸ்னேர் மூன்றாம் தட்டில் மட்டும் விழுவதால் உடல் அதை 70ஆக உணர்கிறது. டிரம் அண்ட் பேஸின் 174, ஹிப்-ஹாப்புக்கு நெருங்கிய 87இன் இரட்டிப்பு. எனவே 87இல் ஓடும் மந்தமான ட்ராக்கின் பேஸையும் பேடையும் தொடாமல், அதன் மேல் 174இல் வெட்டிய டிரம்மை மட்டும் ஏற்றினால் வகை மாறிவிடும், தரை மாறாது.

இன்னும் நுட்பமான உறவு மூன்றுக்கு இரண்டு. 120இல் ஒன்றரைத் தட்டின் நீளம் 750 மில்லி செகண்ட். அதுவே 80இல் ஒரு தட்டு. ஹவுஸ் தாளத்தில் ஓடும் ட்ராக்கின் கடைசிப் பகுதியில் ஒன்றரைத் தட்டுக்கு ஒருமுறை ஒரு மணியோசையை விழவைத்து, கிக்கை மெல்ல விலக்கி, மணியோசையை மட்டும் தொடரவிடுங்கள். அடுத்த ட்ராக் அந்த மணியையே தட்டாகக் கொண்டு 80இல் தொடங்கலாம். எந்த நொடியில் வேகம் மாறியது என்று கேட்பவரால் சொல்ல முடியாது. வேகங்களைத் தேர்வு செய்யும்போதே 70, 140 அல்லது 80, 120 அல்லது 87, 174 என்று இத்தகைய இணைகளாகத் தேர்ந்தால், ஆல்பத்தின் மாற்றிடங்கள் தாமாகவே கிடைத்துவிடும்.

தட்டின் இரண்டாம் பாதியைச் சற்றுத் தாமதமாக்கும் ஸ்விங்கின் அளவும் வகையைத் தீர்மானிக்கும் மறைவான காரணி. 50 விழுக்காடு என்றால் துல்லியமான சமப்பிரிவு, ஏறத்தாழ 67 என்றால் மூன்றில் இரண்டு பங்காகச் சாய்ந்த நடை. 54க்கும் 58க்கும் இடைப்பட்ட அளவு, சாய்வு தெரியாமலே உடலை அசைக்கும். முழுத் தாளத்துக்கும் ஒரே ஸ்விங் வைக்காமல், கிக்கை நேராக விட்டு ஹை-ஹாட்டை மட்டும் சாய்த்துப் பாருங்கள். ஹவுஸின் நடையும் ஹிப்-ஹாப்பின் நடையும் ஒரே நேரத்தில் கேட்கும்.

அசையாமல் அசையும் சுருதி

பேஸின் ஆதார ஸ்வரத்தை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மிகத் தாழ்ந்த ஆக்டேவில் டி ஸ்வரம் சுமார் 37 ஹெர்ட்ஸ், எஃப் சுமார் 44, ஜி 49. பல சிறு ஸ்பீக்கர்கள் 50க்குக் கீழே தடுமாறுபவை. ஆகவே எஃப் அல்லது ஜியை ஆதாரமாகக் கொண்டால் ஆழமும் கிடைக்கும், அது பலருடைய கருவிகளிலும் ஓரளவாவது கேட்கும்.

ஒரே ஸ்வரத்தைப் பல ட்ராக்குகளில் நீட்டி ஒலிக்கவிடுவது நான் மிகவும் பரிந்துரைக்கும் உத்தி. சி ஸ்வரத்தை எடுத்துக்கொண்டால், எஃப் மைனரில் அது ஐந்தாம் ஸ்வரம், ஏ-ஃப்ளாட் மேஜரில் மூன்றாம் ஸ்வரம், சி மைனரில் அதுவே ஆதாரம், டி-ஃப்ளாட் மேஜரில் ஏழாம் ஸ்வரம். மேலே அந்த இழை அசையாமல் நிற்க, கீழே கார்டுகள் மாறும்போது அதன் பொருள் மாறிக்கொண்டே போகும். ஒரு ட்ராக்கில் ஆறுதலாக ஒலித்த அதே ஸ்வரம் அடுத்ததில் ஏக்கமாக ஒலிக்கும்.

திரும்பத் திரும்ப வரும் லூப்புகள் சலிக்காமல் இருக்க, அவற்றின் நீளங்களைப் பொருந்தாத எண்களாக வையுங்கள். பிரையன் ஈனோ 1978இல் உருவாக்கிய ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ ஆல்பத்தில், வெவ்வேறு நீளமுள்ள ஒலிநாடா வளையங்களில் தனித்தனிக் குரல் ஸ்வரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவை சந்திக்கும் விதம் ஒவ்வொரு முறையும் வேறுபடும். இதை இன்று எளிதாகச் செய்யலாம். 17, 19, 23 நொடிகள் நீளமுள்ள மூன்று லூப்புகளை ஒரே நேரத்தில் தொடங்கினால், மூன்றும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 7,429 நொடிகள், அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒவ்வொரு லூப்பிலும் இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு மேல் வேண்டாம், பாதிக்கு மேல் மௌனமாக இருக்கட்டும். எந்தச் சேர்க்கையிலும் உரசாத ஸ்வரங்களாக அவை இருந்தால் போதும். ஃபில்டரின் அசைவையும் இப்படியே தாளத்தோடு இணைக்காமல், 30 அல்லது 40 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும்படி விட்டுவிடுங்கள். தாளம் துல்லியமாக ஓடும் ட்ராக்கில் இத்தகைய கட்டற்ற அசைவு ஒன்று இருந்தால்தான் ஹவுஸுக்குள் ஆம்பியன்ட் மூச்சுவிடும்.

ட்ராக்கை நிகழ்த்தி முடித்தல்

இப்போது டப்பிலிருந்து எடுத்த வாக்கியத்துக்குத் திரும்பலாம். எட்டு பார் லூப்பில் எல்லாத் தடங்களையும் ஒலிக்கவிட்டு முழுமையான ஒரு நிலையை எட்டிய பிறகு, அதைத் திரையில் துண்டு துண்டாக நகலெடுத்து வடிவம் அமைக்காதீர்கள். மொத்த லூப்பையும் பத்து நிமிடம் ஓடவிட்டு, மென்பொருளைக் கையால் இயக்க உதவும் குமிழ்கள் கொண்ட மிடி கன்ட்ரோலரில் ஒலியளவுகளையும் டிலே, ரிவெர்ப் செண்டுகளையும் ஒதுக்கிக்கொண்டு, கையால் நீக்கியும் சேர்த்தும் எதிரொலிக்குள் வீசியும் ஒரு நிகழ்ச்சியாக வாசித்து, அந்த அசைவுகளை மென்பொருளில் ஆட்டோமேஷனாகப் பதிவு செய்யுங்கள். கன்ட்ரோலர் இல்லையென்றால் மௌஸால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அளவை மட்டும் மாற்றிப் பதிந்து, பல சுற்றுகளில் இதையே செய்யலாம். நாலைந்து வாசிப்புகள் எடுத்து, சிறந்ததைத் தேர்ந்து, அதில் தளர்ந்த பகுதிகளை மட்டும் வெட்டுங்கள். கையின் தயக்கமும் துணிச்சலும் பதிவான வடிவத்தில், எட்டு பாருக்கு ஒருமுறை ஏதோ ஒன்று மாறும் இயந்திர ஒழுங்கு இருக்காது. வகைகளுக்கு நடுவே இருக்கும் தையலை மறைப்பதில் இதற்கு நிகரான வேறு முறையை நான் அறியேன்.

மிக்ஸிங்கில் சொல்ல வேண்டியது குறைவு. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை மோனோவாக வையுங்கள். கிக்கும் பேஸும் ஒரே நேரத்தில் ஆதிக்கம் செலுத்தாதபடி, கிக் விழும்போது பேஸ் சிறிது தாழும் சைட்செயின் கம்ப்ரஷன் வையுங்கள். பேடுகளில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் விடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அருகே ஒன்று, நடுவே சில, தொலைவில் மீதி என்ற மூன்று நிலைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாமே தொலைவில் இருந்தால் அது சூழல் ஆகாது, மூட்டம்தான். மிகக் குறைந்த ஒலியளவில் கேட்கும்போதும் முன்னணி ஒலி தெரிந்தால் சமநிலை சரி.

வரிசையும் இறுதிக் கோப்பும்

ட்ராக்குகளைத் தனித்தனிக் கோப்புகளாக முடித்துவிட்டுப் பிறகு வரிசை யோசிப்பதைவிட, பாதி முடிந்த நிலையிலேயே அனைத்தையும் ஒரே நீண்ட ப்ராஜெக்ட்டில் அடுக்கிக் கேட்பது நல்லது. இரண்டு ட்ராக்குகளுக்கு இடையே எது தொடர்கிறது என்று ஒவ்வொரு மாற்றிடத்திலும் கேளுங்கள்: ஸ்வர இழையா, வேக உறவா, ஒலிப்படுகையா? ஏதேனும் ஒன்று தொடர்ந்தால் போதும். மூன்றும் எல்லா இடத்திலும் தொடர்ந்தால் ஆல்பம் ஒரே நீண்ட கலவையாகத் தட்டையாகிவிடும். ஓரிடத்தில், பெரும்பாலும் நடுவில், எதுவுமே தொடராமல் முழு மௌனம் விடுவதும் வலுவான தேர்வு. அதுவரை அடியில் ஓடிய படுகை நிற்பதால் அந்த மௌனம் கனமாக விழும்.

இசைத்தட்டாகவும் வெளியிட எண்ணினால் அந்த முடிவை இப்போதே எடுங்கள். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம் நல்ல எல்லை. அதற்கு மேல் நீண்டால் ஒலியளவைத் தாழ்த்த வேண்டியிருக்கும். தட்டின் உள்வட்டத்தை நெருங்க நெருங்க மேல் அதிர்வெண்களின் தெளிவு குறையும் என்பதால், டிரம் நிறைந்த பளிச்சென்ற ட்ராக்கைப் பக்கத்தின் தொடக்கத்திலும் ஆம்பியன்ட் துண்டை இறுதியிலும் வைப்பது பொருத்தம். இந்தக் கட்டுப்பாடு பல நேரங்களில் ஆல்பத்துக்கு நல்ல உருவத்தையே தருகிறது.

வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் ஒவ்வொரு ட்ராக்கையும் ஒரே உரப்புக்கு உயர்த்தாதீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் -14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பின் அலகு) அளவுக்கு ஒலியைச் சமன் செய்கிறது, ஆனால் ஆல்பத்தை ஆல்பமாகவே ஓட்டும்போது ட்ராக்குகளுக்கு இடையிலான உரப்பு வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது. ஆகவே தாளமற்ற துண்டு தாழ்வாகவும் ஹவுஸ் ட்ராக் உயர்வாகவும் இருக்கட்டும். உண்மையான உச்சத்தை -1 டெசிபெல்லுக்குள் நிறுத்தினால், சுருக்கிய கோப்பாக மாறும்போது ஒலி கிழியாது.

கடைசி வேலை, நீண்ட ப்ராஜெக்ட்டைத் தனித்தனி ட்ராக்குகளாக வெட்டுவது. மொத்தத்தையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து, அதன் பிறகே வெட்டுங்கள். அப்போதுதான் ரிவெர்பின் வால் அடுத்த ட்ராக்குக்குள் தடையின்றி ஓடும். குறுந்தகடும் திட்டத்தில் இருந்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் வெட்டும் புள்ளிகளை 588 சாம்பிள்களின் மடங்குகளில் வையுங்கள், ஏனெனில் குறுந்தகடு ஒரு நொடியை 75 சட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சட்டத்திலும் இடது, வலது சேனல் ஒவ்வொன்றுக்கும் 588 சாம்பிள்களை அடக்குகிறது. மடங்கு தவறினால் இடையே சிறு வெற்றிடமோ சொடுக்கொலியோ வரலாம். எம்பி3 வடிவம் கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனத்தைச் சேர்க்கும் இயல்புடையது என்பதால், இடைவெளியின்றி ஓட வேண்டிய ஆல்பத்தை ஃப்ளாக் அல்லது வேவ் கோப்புகளாகவே விநியோகத்துக்குக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன், வெட்டிய கோப்புகளை வேறொரு கருவியில் ஏற்றி, ஒவ்வொரு மாற்றிடத்தையும் அதற்கு முன்னும் பின்னும் அரை நிமிடம் சேர்த்து ஹெட்போனில் கேட்டுச் சரிபாருங்கள்.